அக்கா வெட்டிய பத்திரம்

இந்த மலரைக் கையில் வாங்கியதும் உங்களில் பாதிப் பேர் பக்கங்களைப் புரட்டி, உங்கள் படம் எங்கே வந்திருக்கிறது என்று பார்ப்பீர்கள். பார்த்துவிட்டே வாருங்கள். பந்தி போட இன்னும் நேரம் இருக்கிறது.

எங்கள் அக்கா போய் இந்த வைகாசியோடு ஓர் ஆண்டு நிறைகிறது. சென்ற ஆண்டு பதினாறாம் நாள் காரியத்தன்று, சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் சொந்தத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நல்ல மனுஷிதான். ஆனா பத்திரத்த வெட்டினவ." மற்றவர் தலையாட்டிக்கொண்டே கையை உதறினார். யார் அவர்கள் என்று எழுதப்போவதில்லை. இருவரும் இன்று வந்திருக்கிறார்கள்.

நினைவு மலர்களில் எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். பொறுமையின் சிகரம், தியாகத்தின் திருவுருவம். அக்காவைப் பற்றி அப்படி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தால் எல்லோரும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். ஆனால் கை கழுவும் இடத்தில் கேட்ட அந்த ஒற்றை வாக்கியம் அப்படியே இருக்கும். அதைத் திருத்தாமல் வேறு எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்கா பிறந்தது அனகாபுத்தூரில், அம்மாவின் தாய்வீட்டில், ஆற்றை ஒட்டிய ஒரு சந்தில். அவர் பிறந்த வாரமே வெள்ளம் வாசற்படி ஏறியது. பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றிப் பக்கத்து வீட்டு மாடிக்கு ஏற்றினார்களாம். "பொறந்த உடனே வீட்ட காலி பண்ணச் சொன்னாங்க, அன்னிலேர்ந்து இந்தக் கதைதான்" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பார். நாங்கள் மூன்று பேர். அக்காவுக்கு நான்கு ஆண்டுகள் கழித்து அண்ணன், அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து நான். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. கிழக்குத் தாம்பரத்தில் இரண்டு அறை ஓட்டு வீடு, பிறகு அதே இடத்தில் தளம் போட்ட வீடு.

அந்தக் காலத்தில் அப்பா மாடம்பாக்கத்தில் ஒரு மனை வாங்கினார். கோயிலைத் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டி, நரி ஓடும் இடம் என்று எல்லோரும் கேலி செய்த இடம். நான்கு மூலைக்கு நான்கு கல் நட்டு, சுண்ணாம்பு அடித்து, தன் பெயரை எழுதினார். ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கற்களுக்கு மறுபடி சுண்ணாம்பு அடிக்கப் போவோம். எங்கள் குடும்பத்தின் ஒரே உல்லாசப் பயணம் அதுதான். புளிச்சோறு கட்டிக்கொண்டு போவோம். அப்பா கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பார், அண்ணன் அடியெண்ணி மனையை அளப்பார், நான் கல் பொறுக்குவேன். அக்கா மட்டும் குனிந்த தலை நிமிராமல் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்.

"என்னடி தேடுற?"

"ஒண்ணும் இல்லப்பா. இங்க ஒரு நீலம் இருந்துச்சு."

அது விஷ்ணுகிராந்தி. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பூ. காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். மிதித்துக்கொண்டே போகிறவர்களுக்கு அப்படி ஒரு பூ இருப்பதே தெரியாது. எங்களுக்குத் தெரியாது.

அக்கா தட்டச்சு முடித்து, சேலையூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல், ஊர்ப் பிள்ளைகள் வேறு ஊர் போக மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். இருபத்தாறு வயதில் ஒரு வரன் கூடி வந்தது. பையன் தபால் அலுவலகத்தில் வேலை, நல்ல குடும்பம். எல்லாம் பேசி முடித்து வெற்றிலைத் தட்டு மாற்றப் போகும் நேரத்தில் பையனின் அம்மா மெதுவாகக் கேட்டார்: "நகைநட்டுன்னு நாங்க ஒண்ணும் கேக்கல. மாடம்பாக்கத்துல ஒரு மனை இருக்காமே, அத பொண்ணு பேர்ல எழுதிடுங்களேன்."

அப்பா சிரித்த முகமாகவே சொன்னார்: "அது பசங்களுக்குங்க."

தட்டு மாறவில்லை. அக்கா உள்ளே காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குப் பதினான்கு வயது. அந்தப் பசங்களில் நானும் ஒருவன் என்பதில் எனக்கு அன்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதன் பிறகு வந்த வரன்கள் வாசலோடு போயின. பிறகு வாசலுக்கும் வரவில்லை. அண்ணன் கல்யாணம் நடந்தது, என் கல்யாணம் நடந்தது. அம்மாவின் சர்க்கரைக் கால், அப்பாவின் நெஞ்சுச் சளி இரண்டையும் அக்கா பார்த்துக்கொண்டார். அம்மா போன பிறகு அப்பா அந்த மனையை அண்ணன் பேருக்கும் என் பேருக்கும் எழுதிவைத்தார். பதிவு நடந்த அன்று சாட்சிக் கையெழுத்துப் போட வரவேண்டிய அப்பாவின் நண்பர் வரவில்லை. அப்பாவைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்திருந்தவர் அக்கா. "நான் போடறேன்ப்பா, ஆதார் கைலதான் இருக்கு" என்றார். போட்டார். அந்த மனை சம்பந்தப்பட்ட காகிதங்களில் எங்கள் அக்காவுக்குக் கிடைத்த இடம் அதுதான். சாட்சி.

நானாக இருந்தால் அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன். அக்கா எப்போதும் போல ஞாயிறுதோறும் போனார்.

நம் ஊரில் வசந்தம் என்று தனியாக ஒன்று வருவதை யாரும் பார்ப்பதில்லை. மாசிப் பனி விலகி, பங்குனி வெயில் பல்லைக் காட்டுவதற்கு நடுவில் சில வாரம், அவ்வளவுதான். அந்தச் சில வாரங்களுக்காக அக்கா வருடம் முழுவதும் காத்திருப்பார். காலை ஆறு மணிக்குத் துணிப்பையும் பழைய டெலிபோன் டைரக்டரி ஒன்றும் எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஏரிக்கரை நெடுக நடந்து, எங்கள் மனையில் போய் முடிப்பார். கூடவே மேரி டீச்சர். அதே பள்ளியில் ஓய்வு பெற்றவர், அக்காவின் ஒரே தோழி. ஆவாரை, நெருஞ்சி, ஊதா நிறத்தில் கண்டங்கத்திரி, களாச் செடியின் வெள்ளைப் பூ, பாதையெல்லாம் பொரி போல உதிர்ந்து கிடக்கும் புங்கம்பூ. பத்துப் பூ இருந்தால்தான் ஒன்று பறிப்பார். ஒன்பது இருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார் என்று டீச்சர் கேலி செய்வார்.

"இதே பூவதானே போன வாரமும் பாத்த?"

"அது போன வாரத்துப் பூ டீச்சர். அது போயிடுச்சு."

பறித்ததை டைரக்டரியின் பக்கங்களுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றிவைப்பார். காய்ந்த பூவை ஒட்டுவதற்குப் புதுக் காகிதம் வாங்கியதே இல்லை. சொந்தக்காரர்கள் வேண்டாம் என்று தூக்கிப்போடுவதில்தான் ஒட்டுவார். போன தலைமுறைக் கல்யாணப் பத்திரிகை, கெட்டி அட்டை ரயில் டிக்கெட், நின்றுபோன கைக்கடிகாரத்தின் கண்ணாடி, கிழிந்த பட்டுப்புடவையின் ஜரிகை, மிட்டாய் டப்பா மூடி. இவற்றில் படச்சட்டம் செய்வார், சாவிக்கொத்து செய்வார், புத்தகத்தில் வைக்கும் அடையாள அட்டை செய்வார். மேலே மூடுவதற்கு எக்ஸ்ரே படம். அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரே வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தது. பிளீச்சிங் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்ப்பார். கறுப்பு கரையும், விலா எலும்பு கரையும், கடைசியில் அப்பாவின் நெஞ்சு கண்ணாடி போல ஆகிவிடும். அதை வெட்டிப் பூவின் மேல் வைத்து, ஓரத்தை ஜரிகை நூலால் தைப்பார். பின்பக்கம் பூவின் பெயர், எந்த மாதம், எந்த இடம் என்று எழுதுவார். மாற்றுச் சான்றிதழ் எழுதிய அதே கையெழுத்து.

நாம் அவருக்கு 'மியூசியம் அத்தை' என்று பெயர் வைத்தோம். வீட்டில் எது கிழிந்தாலும் உடைந்தாலும் அவரிடம் தள்ளினோம்.

"அக்கா, இந்த வளைகாப்புப் பத்திரிகைய உங்களுக்கு எடுத்து வைக்கட்டுமா, இல்ல குப்பைல போடட்டுமா?" என்று அண்ணி கேட்பார்.

"ரெண்டும் ஒரே எடம்தானேம்மா. எங்கிட்டயே குடு" என்பார் அக்கா.

அப்பா போன மறுவருடம் அவருடைய இரும்பு பீரோவைக் காலி செய்தோம். அண்ணனும் நானும் தரையில் உட்கார்ந்து பிரித்தோம், அக்கா பெருக்கினார். கீழ்த்தட்டில் வேட்டித் துணியில் சுற்றிய ஒரு கட்டு. பழைய ரசீதுகள், ரேஷன் கார்டு, பழுப்பேறிய முத்திரைத்தாள்கள். அண்ணன் நாலைந்து தாளைப் புரட்டிப் பார்த்தார். "அப்பா பேர்ல இருக்கற பத்திரம் லாக்கர்ல பத்திரமா இருக்கு. இது எந்தக் காலத்துதோ. இந்தா, உனக்குத் தீனி" என்று கட்டை அக்கா பக்கம் நகர்த்தினார். நானும் சிரித்தேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தார். நான் பொத்தேரி ஸ்டேஷனில், பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த உரையாடலை ஒரு வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். ஒரு வருடமாக எனக்குள் ஓடிக்கொண்டே இருப்பது வேறென்ன.

"டேய், அந்தக் கட்டுல ஒரு பத்திரம் இருக்குடா. மாடம்பாக்கம்னு போட்டிருக்கு. ஆனா அப்பா பேர் இல்ல. யாரோ யாருக்கோ எழுதிக் குடுத்தது. வேணுமா?"

"அப்பா பேர் இல்லன்னா நமக்கு எதுக்குக்கா? செல்லாத பேப்பர். வெட்டிக்கோ."

"யோசிச்சுச் சொல்லுடா. எழுத்து முத்து முத்தா இருக்கு. எனக்கு வெட்ட மனசு வரல."

"அக்கா, ட்ரெயின் வந்துடுச்சு. வெச்சுடறேன்."

ட்ரெயின் வரவில்லை. வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

வெட்டியது அக்காவின் கத்தரிக்கோல். கேட்டுவிட்டுத்தான் வெட்டினார். வெட்டச் சொன்னவன் நான். நான் திருத்த வந்த வாக்கியம் இதுதான். கை கழுவும் இடத்தில் இனிமேல் பேசுகிறவர்கள் என் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்கு அக்கா அந்த முத்திரைத்தாள்களில் பன்னிரண்டு அடையாள அட்டைகள் செய்தார். சொந்தத்தில் வீட்டுக்கு ஒன்று. தாள் கெட்டியாக, பழுப்புத் தங்கமாக இருந்தது. ஒவ்வொன்றிலும் அந்தக் காலத்துப் பத்திர எழுத்தரின் மசியெழுத்து நாலைந்து வரி, அதன்மேல் அந்த வசந்தத்தில் பறித்த ஒரு பூ, அதற்கும் மேல் அப்பாவின் நெஞ்சு. மண்டபத்தில் ஒவ்வொருவர் கையிலும் அவரே கொடுத்தார். வாங்கியபோது நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. "அழகா இருக்கே, இத எங்க மாட்றது?" "நாங்க எங்கக்கா புக்கு படிக்கறோம்?" ஒருவர் அதால் பல் குத்துவது போல நடித்துக் காட்டினார். அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

இரண்டு வருடம் கழித்து மனைக்கு ஒரு ஆள் வந்தார். மனையை வாங்கி அடுக்குமாடி கட்டுவதாகத் திட்டம். வாங்குகிறவர் தரப்பு வக்கீல் கிழக்குத் தாம்பரம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, எங்கள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். தாய்ப்பத்திரம் எங்க?"

"அப்படின்னா?" என்றார் அண்ணன்.

"உங்கப்பாவுக்கு வித்தவருக்கு அந்த நெலம் எப்படி வந்துச்சுன்னு ஒரு பத்திரம் இருக்கும்ல. அதோட ஒரிஜினல். உங்கப்பா பேர் இருக்காது அதுல. அது இல்லாம பேங்க்ல ஒத்துக்க மாட்டாங்க."

அக்கா காபியோடு வந்தவர் அப்படியே நின்றார். "மாடம்பாக்கம்னு போட்டு, மசில எழுதினதா சார்?"

"ஆமாம்மா, அதேதான். எடுங்க."

"அது பன்னெண்டு வீட்ல இருக்கு சார்."

வக்கீலுக்குப் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்தது. அதுவரை அக்காவிடம் குரல் உயர்த்திப் பேசாத அண்ணன் அன்று கத்தினார். "பைத்தியமா உனக்கு? பத்திரத்த எவளாவது வெட்டுவாளா? பூ ஒட்றதுக்கு வேற பேப்பரே கெடைக்கலயா ஊர்ல?"

அக்கா என்னைப் பார்த்தார். ஒரு நொடி. அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்ததாகச் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிவிடு என்பது போல, கையில் இருக்கும் தட்டை வாங்கிக்கொள்ளச் சொல்வது போல, சாதாரணமாகப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வெட்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா."

அக்கா காபியை வக்கீல் முன்னால் வைத்தார்.

"ஆமாண்டா. கேட்டிருக்கலாம். தப்புதான்."

மறுநாளே பன்னிரண்டு வீடுகளுக்கும் கிளம்பிவிட்டார். பங்குனி தொடங்கியிருந்தது. மேரி டீச்சர் ஞாயிறு காலை வழக்கம்போல வந்து கூப்பிட்டபோது, "இந்த வருஷம் பூவுக்கு லீவு டீச்சர், வேற வேல இருக்கு" என்றாராம். அறுபத்தாறு வயது. முழங்கால் தேய்மானம். பேருந்து, ஷேர் ஆட்டோ, மிச்சத்துக்கு நடை. ஏரிக்கரையில் நடக்க வேண்டிய வாரங்களில் பல்லாவரத்திலும் பம்மலிலும் பெருங்களத்தூரிலும் உங்கள் வீட்டு அழைப்பு மணிகளை அழுத்திக்கொண்டிருந்தார். "அந்தப் பூ ஒட்டின அட்ட, தம்பி அறுபதாம் கல்யாணத்துல குடுத்தேனே, இருக்காம்மா?"

ஒரு வீட்டில் அது வாஷிங் மெஷின் காலுக்கு முட்டாக இருந்தது. ஒரு வீட்டில் பூஜை அலமாரியில் குங்குமம் வழிக்க வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் பஞ்சாங்கத்துக்குள் ஒழுங்காக இருந்தது. அந்த வீட்டுக்காரருக்கு என் நமஸ்காரம். ஒரு வீட்டில், "அதெல்லாம் எப்பவோ குப்பைல போட்டாச்சுக்கா, இப்ப அதுக்கு என்ன பண்ணணும்ங்கறீங்க?" என்று கதவைப் பாதி திறந்து கேட்டார்கள். "ஒண்ணும் பண்ண வேணாம்மா. கொஞ்சம் தண்ணி குடு" என்றாராம் அக்கா. தண்ணீர் கொடுத்தீர்கள். அதற்கும் நன்றி.

என் வீட்டுக்கும் வந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"உனக்குக் குடுத்ததுல நீலப் பூ இருக்கும்டா."

"அது எங்கக்கா இருக்கும்? வீடு மாத்தினப்பவே போயிருக்கும்."

நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் சொன்னேன். அலமாரிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் மேலேயே எனக்கிருந்த எரிச்சலை அவர் மேல் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார், மோர் குடித்தார், குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி இறங்கும் சத்தம் கீழே வரை கேட்டது.

ஏழு கிடைத்தன. அந்த ஏழையும் அக்கா பிரித்தார். ஜரிகைத் தையலை பிளேடால் அறுத்து, எக்ஸ்ரே கண்ணாடியை எடுத்து, மைதாப் பசையை ஈரத் துணியால் ஒற்றி ஒற்றிப் பூவைப் பெயர்த்தார். பூக்கள் தூளாகப் போயின. பக்கத்தில் இருந்து பார்த்த மேரி டீச்சர், "ஏன்டி, பூவயாவது எடுத்து வையேன்" என்றாராம். "இந்தப் பூவுக்காகத்தான் டீச்சர் இவ்வளவும்" என்று சொல்லி, தூளை ஜன்னல் வழியாகத் தட்டிவிட்டிருக்கிறார். ஏழு துண்டையும் ஒரு வெள்ளைத்தாளில் வைத்து, இடையில் ஐந்து காலி இடம் விட்டு, செல்லோ டேப் போட்டு அண்ணனிடம் கொடுத்தார்.

அண்ணன் அதை வக்கீலிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். வக்கீல் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இத வெச்சு நான் என்ன சார் பண்றது? இதெல்லாம் தேவையே இல்ல. பேங்க்ல பேசிட்டேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சர்ட்டிஃபைட் காப்பி எடுத்துட்டு, ஒரிஜினல் காணோம்னு போலீஸ்ல ஒரு லெட்டர் வாங்கினா போதும். ஊர்ல பாதிப் பத்திரம் இப்படித்தான் ஓடுது."

சித்திரை முதல் வாரம் அது. வெளியே வந்து அண்ணனும் நானும் இளநீர் குடித்தோம். பாரம் இறங்கியது போல இருந்தது. அக்காவிடம் நான் சொல்லிவிடுவேன் என்று அண்ணன் நினைத்தார். அண்ணன் சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். இப்படித்தான் நினைத்தோம் என்று இப்போது சொல்லிக்கொள்கிறோம். ஒரு மாதத்துக்கு மேல் யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு மாதமும் அவர் மிச்சம் ஐந்துக்காக அலைந்தார். இல்லை என்று சொன்ன வீடுகளுக்கே மறுபடியும் போனார். கத்திரி வெயில். குப்பையில் போட்டதாகச் சொன்ன வீட்டின் தெருவில், பழைய பேப்பர் கடைக்காரரிடம்கூட விசாரித்திருக்கிறார். அவர் எனக்குப் பிறகு சொன்னார்: "அந்தம்மா வந்து குந்திகினு மூட்டை மூட்டையா கொட்டிப் பாத்துச்சு சார். இன்னா தேடுற தாயின்னா, பூவுன்னுச்சு. பேப்பர் கடைல பூவு எங்க கீது, நீயே சொல்லு."

வைகாசியில் ஒரு காலை, வாசல் தெளிக்கக் குனிந்தவர் எழவில்லை. பக்கவாதம். ஐந்து நாள் மருத்துவமனை. பேச்சு வரவில்லை, வலது பக்கம் அசையவில்லை. மூன்றாம் நாள் என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். அண்ணி, "அஞ்சு மணிக்கு டாக்டர் வருவாருக்கா" என்றார். அக்கா என்னையே பார்த்தபடி இருந்தார். எனக்குத் தெரியும். இன்னும் அஞ்சுதான்டா. எதுவும் தேவைப்படவில்லை, எல்லாம் முடிந்துவிட்டது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், எவ்வளவு நாளாக உனக்குத் தெரியும் என்று அந்தக் கண் கேட்டுவிடும். "கெடச்சுடும்கா" என்றேன்.

மறுநாளுக்கு மறுநாள் போய்விட்டார்.

அன்றே மேரி டீச்சர் என்னைத் தனியாக அழைத்தார். "அவ உன் பேரச் சொல்லல. எங்கிட்டகூடச் சொல்லல. ஒரே ஒரு வாட்டி, 'ட்ரெயின் சத்தமே கேக்கல டீச்சர்'னு சொன்னா. எனக்கு அப்ப புரியல." சொல்லிவிட்டுப் போனார். என் கையைக்கூடப் பிடிக்கவில்லை.

ஆவணியில் மனை கை மாறியது. எல்லையைக் காட்டிக் கொடுக்க அண்ணனும் நானும் போயிருந்தோம். ஜேசிபி வந்து புதர்களை வழித்துக்கொண்டே வந்தது. ஒரு மூலையில் நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். "சார், இங்க ஒரு எடத்துல வட்டமா கல்லு வெச்சு வெச்சிருக்காங்க. சாமி எதுனா கீதா? தள்ளலாமா?"

போய்ப் பார்த்தோம். கைப்பிடி அளவுக் கற்கள், சுற்றிலும் ஒரு முழ அகலம். யாரும் மிதித்துவிடக் கூடாது என்று அக்கா அடுக்கியது. உள்ளே சாம்பல் பச்சையில் தரையோடு படர்ந்த செடி. வெயில் ஏறியிருந்ததால் பூ சுருங்கிவிட்டிருந்தது.

"சாமியெல்லாம் இல்லப்பா. தள்ளு" என்றார் அண்ணன். நான் தடுக்கவில்லை. நிலம் எங்களுடையதாக இல்லை அப்போது.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். அக்காவோடு நாற்பது வசந்தம் நடந்த மேரி டீச்சருக்கு. ஐந்து நாளும் அக்காவின் முகத்தைத் தன் சொந்த அம்மாவுக்குச் செய்வது போலத் துடைத்துவிட்ட செவிலியருக்கு. மூட்டைகளைக் கொட்டிப் பார்க்கவிட்டு டீ வாங்கிக் கொடுத்த பேப்பர் கடைக்காரருக்கு. அட்டையைப் பத்திரமாக வைத்திருந்த ஒரு வீட்டுக்கும், தொலைத்தாலும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்த வீடுகளுக்கும். அச்சுக்குப் போகும்முன் இதை முழுதும் படித்துவிட்டு, நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்து, "என்னப் பத்தி இருக்கறதையும் எடுக்காத, அப்படியே போடு" என்று சொல்லி ஒரு வரிகூட வெட்டாமல் கொடுத்த அண்ணனுக்கு.

மிச்சம் ஐந்தில் மூன்று எங்கே போயின என்று தெரியாது. உங்கள் வீட்டில் என்றாவது அகப்பட்டால் என்னிடம் கொண்டுவர வேண்டாம். பின்பக்கத்தை மட்டும் ஒருமுறை படித்துவிட்டு, கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். ஒன்று குப்பைக்குப் போய்விட்டது. ஒன்று என்னிடம் இருக்கிறது.

காரியம் முடிந்த மறுநாள், அக்கா வந்து உட்கார்ந்த அதே நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் கையை விட்டேன். தேடவே தேவைப்படவில்லை. கையை நீட்டினால் எட்டும் தட்டில், பாதி படித்து விட்டிருந்த ஒரு புத்தகத்துக்குள் இருந்தது. விஷ்ணுகிராந்தி, நீலம் கொஞ்சமும் போகவில்லை. பூவுக்குக் கீழே பழைய மசியெழுத்தில், அந்த நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவற்றின் வரிசை ஓடுகிறது. மரம், செடி, கொடி, வழிநடை.

திருப்பினேன். அப்பா தன் பத்திரத்தில் எழுதாததை, நாங்கள் விற்றபோது கேட்காததை, அக்கா சான்றிதழ் எழுதும் கையெழுத்தில் தானே எழுதி என்னிடம் கொடுத்திருக்கிறார்:

விஷ்ணுகிராந்தி. மாசி, கடைசி ஞாயிறு. இடம்: நம்ம மனை.